பன்னிரண்டு ஜிபியும் ஒரு பந்தியும்

ஜூலை 28, திங்கள்

இன்றைக்கு மட்டும் கம்ப்யூட்டர் நாலு தடவை நின்றுபோனது. நாலாவது தடவை மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். என் கைதான் வலித்தது, அது அசையவில்லை.

இந்த ஆத்திரத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். பெயிண்ட் கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று முன்னாலேயே கம்ப்யூட்டரில் 3டி படமாகப் போட்டுக் கொடுப்பது என் வேலை. கோபி டவுனில் எஞ்சினியர் சிவசண்முகம் ஆபீசில் ஒன்பது வருஷம் இதைத்தான் செய்தேன். அத்தனை சைட்டிலும் பூமி பூஜை பேனரில் என் படம் இருக்கும், அதன் கீழே அவர் பெயர் இருக்கும். போன சித்திரையில், ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயரும் போடுங்கள் சார் என்று கேட்டேன். "டைப் அடிக்கிறவ பேரையெல்லாம் பத்திரத்துல போடுவாங்களா கோகிலா?" என்று ஆபீசே சிரிக்கிற மாதிரி கேட்டார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன்.

இப்போது அரிசி ஆலை அர்த்தநாரி அய்யா கல்யாண மண்டபம் கட்டப்போகிறார். எஞ்சினியரும் டிசைன் கொடுக்கிறார், நானும் கொடுக்கிறேன். ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் டிவியில் போட்டுப் பார்த்து ஒன்றை எடுப்பார்களாம். வெறும் படம் போதாது. வாசலில் நுழைந்து பந்தி வரைக்கும் நடந்துபோகிற மாதிரி வீடியோ வேண்டும். இது எனக்குக் கிடைத்தால் இந்த ஊரில் எனக்கென்று ஒரு தொழில் இருக்கும். கிடைக்காவிட்டால் எஞ்சினியர் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அவர் அதற்குத்தான் காத்திருக்கிறார்.

ஒன்றரை நிமிஷ வீடியோ என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். என் கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு நாற்பது நிமிஷம் எடுக்கிறது. கணக்குப் போட்டால் இரண்டு மாதம். அதுவும் நடுவில் நிற்காமல் இருந்தால்.

படம் போடுகிற வேலையை வேகமாக முடிக்கிற கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கியே தீர வேண்டும். என்னிடம் இருப்பது முப்பதாயிரம்.

ஜூலை 30, புதன்

இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் மோகனசுந்தரம். அதே எஞ்சினியரிடம் சைட் சூப்பர்வைசர். நான் வெளியே வந்த பிறகும் அவர் அங்கேயேதான் இருக்கிறார். அவர் வேலை அவருக்கு, என் வேலை எனக்கு என்று பேசிக்கொண்டோம்.

"ஆடி போகட்டும் கோகிலா. ஆவணி பொறந்ததும் வாங்கிக்கலாம்."

"ஆடித் தள்ளுபடிக்கு ஊரே வரிசைல நிக்குது. எனக்கு மட்டும் ஆடி ஆகாதுங்களா?"

"அதில்ல. கையில இருக்கறதப் பூராவும் அதுல போட்டுட்டா, அப்பறம் ஒண்ணுன்னா என்ன பண்றது?"

"என்ன ஒண்ணு? உங்க சம்பளம் வருதில்ல?"

சட்னியை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். இவருக்கு எப்போதுமே பயம்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்று நாளாகப் படித்ததில் தலை கிறுகிறுக்கிறது. கார்டு செய்கிறவர்களில் பச்சைக் கம்பெனி, சிவப்புக் கம்பெனி என்று இரண்டு கட்சி. யூடியூபில் இவர்கள் போடுகிற சண்டையைப் பார்த்தால் தேர்தலே தேவலாம். நான் படம் போடுகிற மென்பொருளுக்குப் பச்சைதான் ஒத்துவரும், ஆகவே ஒரு கட்சி ஒழிந்தது.

பச்சையில் என் பணத்துக்குள் வருவது இரண்டு. ஒன்று புது மாடல், வேகம் அதிகம், மெமரி எட்டு ஜிபி. இன்னொன்று அதற்கு முந்தின தலைமுறை, வேகம் கொஞ்சம் மட்டு, மெமரி பன்னிரண்டு ஜிபி. பதினாறு ஜிபி ஒன்றும் இருக்கிறது, விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

புதுசைத்தான் வாங்க வேண்டும் என்று அத்தனை பேரும் சொல்கிறார்கள். அத்தனை பேரும் கேம் ஆடுகிறவர்கள்.

ஆகஸ்ட் 2, சனி

ஈரோடு போனேன். கடைக்காரர் முப்பது வயதுதான் இருப்பார்.

"பையன் என்ன படிக்கிறானுங்க மேடம்?"

"பையன் இல்லீங்க. எனக்கு."

"ஓ! நீங்க கேம் ஆடுவீங்களா?"

"எனக்கு வேலைக்குங்க. கல்யாண மண்டபம் கட்டோணும்."

அவர் விழித்ததைப் பார்த்து, சிமெண்ட் வாங்க வந்தவள் வழி தவறிக் கடைக்குள் நுழைந்துவிட்டாள் என்று நினைக்கிறார் எனப் புரிந்தது. விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே எட்டு ஜிபி புது மாடலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரத்தில் கலர் கலராக விளக்கு எரியும் என்றார். மாரியம்மன் கோயில் சீரியல் செட் எனக்கு வேண்டாம் என்றேன்.

என் மண்டபத்து ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். இதே கார்டு இருக்கிற உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுங்கள் என்றேன். அவருக்கு இஷ்டமில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டதால் வேறு வழியுமில்லை. மேடை ஓடியது, வாசல் ஓடியது. பந்தி வந்ததும் மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டது.

"இவ்வளவு ஆளுங்களப் போட்டா எப்பிடீங்க மேடம்? ஆளெல்லாம் எடுத்துருங்க. ஹால் மட்டும் காட்டுனாப் போதுமில்ல?"

நானூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தி அது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சேலை, வேறு வேறு சட்டை, இலையில் என்னென்ன பரிமாறியிருக்கிறது என்பது வரைக்கும் போட்டிருக்கிறேன். ஆளில்லாமல் பந்தியைக் காட்ட, நான் என்ன இழவு வீடா கட்டுகிறேன்?

எழுந்து வந்துவிட்டேன். இனி எனக்குச் சந்தேகமில்லை. பன்னிரண்டுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

துணி துவைத்தேன். இவருடைய சட்டைகளில் சிமெண்ட் இல்லை, இரண்டு வாரமாகவே பிரஷ் போட்டுத் தேய்க்கிற வேலை இல்லை. பூச்சு முடிந்திருக்கும். கையில் மட்டும் ஏதோ அட்டைத் தூள் மாதிரி.

பருப்பு தீர்ந்துவிட்டது. கேஸ் பதிய வேண்டும்.

காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடும் எஞ்சினியரின் போன் தொல்லையும் இப்போது இல்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒரு கண்டம் தாண்டினேன் என்று நினைத்தால் அடுத்தது. பன்னிரண்டு ஜிபி கார்டுக்கு என் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை போதாதாம். அது நானூற்றைம்பது வாட், இதற்கு ஐந்நூற்றைம்பதாவது வேண்டும். அதையும் சேர்த்தால் பட்ஜெட் கிழிந்துவிடும்.

பழைய கார்டு ஒன்று பாதி விலைக்கு இருப்பதாகப் பெருந்துறையில் ஒருவர் போட்டோ அனுப்பினார். 'ஒரு வருஷந்தான் மேடம் ஓடுச்சு' என்றார். எப்படி ஓடியது என்று கேட்டேன். இரவு பகலாகக் கிரிப்டோ காயின் எடுக்க ஓட்டியிருக்கிறார். அதற்கு ஓய்வு கொடுங்கள், என்னிடம் தள்ளாதீர்கள் என்று எழுதிவிட்டு பிளாக் செய்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவர் ஐயாயிரத்தைக் கொண்டுவந்து என் கீபோர்டின் மேல் வைத்தார். "எஞ்சினியர்கிட்ட அட்வான்ஸ் கேட்டேன். அந்தப் பவர் சமாச்சாரத்துக்கு வெச்சுக்க."

எஞ்சினியர் அட்வான்ஸ் கொடுத்தாரா? ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒரு தீபாவளிக்குக்கூடக் கொடுத்ததில்லை. ஆண்பிள்ளை கேட்டால் கொடுப்பார் போல. அந்தக் கடுப்பில் இவருக்கு ஒரு வார்த்தை நன்றியாகக்கூடச் சொல்லவில்லை.

சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சொல்கிறார். வண்டிக்கு இரண்டு நாளைக்கு ஒரு தரம் பெட்ரோல் போடுகிறார். ஊருக்குள் இருக்கிற சைட்டுக்கு எதற்கு இவ்வளவு பெட்ரோல் என்று கேட்டேன். வண்டி பழசாகிவிட்டதாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வாங்கிவிட்டேன்! பன்னிரண்டு ஜிபி, மூன்று விசிறி, அறுநூறு வாட் பவர் சப்ளை. "நல்லா யோசிச்சுட்டீங்களா மேடம்? இது பழைய மாடலுங்க, வித்தா விலை போகாது" என்று பில் போடும்போதும் கடைக்காரர் விடவில்லை. விற்க வாங்கவில்லை என்றேன்.

பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் போடலாமா என்று பார்த்தார். நான் பார்த்த பார்வையில் நகர்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்தவர் வீட்டு ஜன்னல் அரை அங்குலம் தள்ளிப்போனாலும் கண்டுபிடிக்கிறவள் நான். கொத்தனாரே என்னைக் கேட்டுவிட்டுத்தான் நூல் பிடிப்பார். அப்படிப்பட்ட நான் என் சொந்தக் கம்ப்யூட்டர் கேபினெட்டை அளக்கவில்லை. கார்டு முப்பத்திரண்டு சென்டிமீட்டர். கேபினெட்டில் இருக்கிற இடம் இருபத்தேழு. முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற தகரக் கூடு குறுக்கே நிற்கிறது. மெமரியைப் பார்த்தேன், வாட்டைப் பார்த்தேன், கலர் லைட் வரைக்கும் பார்த்தேன். நீளத்தைப் பார்க்கவில்லை.

கடைக்குப் போன் போட்டேன். சீல் உடைத்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். சரி, கூட்டையே அறுத்து எறிந்துவிடலாம். சைட்டில் கட்டிங் மெஷின் இருக்குமே என்று இவருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. மேஸ்திரி ரங்கசாமிக்குப் போட்டேன்.

"அண்ணா, வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தா குடுங்க. கட்டிங் மெஷின் வேணும்."

அவர் கலவை மெஷின் சத்தத்தைவிட்டுத் தள்ளிப் போவது கேட்டது.

"அம்மிணி... அவுரு சைட்டுக்கு வந்து மூணு வாரமாச்சுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும், மறந்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். எப்பேர்ப்பட்ட பதில்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன். வாசல் பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று எழுத முடியாததை இப்போது எழுதுகிறேன்.

இவர் வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "மூணு வாரமா எங்க போறீங்க?" என்று கேட்டேன். இவருக்குப் பொய் சொல்ல வராது. இத்தனை நாள் எப்படித்தான் சமாளித்தாரோ.

சத்தியமங்கலத்தில் ஒரு டைல்ஸ் குடோன். லாரியில் வருகிற பெட்டிகளை எண்ணிச் சீட்டு எழுதுகிற வேலை, தினக்கூலி. ஜூலை 24 அன்று எஞ்சினியர் ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "மண்டபத்து வேலைல உன்ற பொண்டாட்டி எனக்குப் போட்டியா வரக்கூடாது. அவளைப் புடிச்சு நிறுத்து. முடியாதுன்னா நாளையிலிருந்து நீ சைட்டுக்கு வர வேண்டாம்." இவர் சைட் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அவ்வளவுதான். பதினோரு வருஷ வேலை.

"அந்த அஞ்சாயிரம்?"

"குடோன்ல குடுத்த கூலிதான்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "என்ற கிட்ட ஏனுங்க சொல்லல? நானென்ன சின்னப் புள்ளையா?"

"சொல்லியிருந்தா நீ அந்த மண்டபத்த விட்டிருப்ப."

"விட்டிருக்க மாட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

விட்டிருப்பேன். அதுதான் உண்மை.

ராத்திரி இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் இவர் குடோனுக்குப் போகாமல் தெருமுனை கிரில் பட்டறையில் ரம்பம் வாங்கி வந்தார். கட்டிங் மெஷின் வைத்தால் பொறி பறக்கும், இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் போச்சு என்றார். கம்ப்யூட்டர் சாமான்களை எல்லாம் கழற்றிப் பாயில் பரப்பினோம். வெறும் கேபினெட்டை வாசலில் வைத்து இவர் அந்தக் கூட்டைக் கையாலேயே அறுத்தார். நான் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம். கடைசித் தகரம் விழுந்ததும் டேப்பை எடுத்து நீட்டி, "இப்ப அளந்துக்க தாயே" என்றார்.

அளந்தேன். முப்பத்தைந்து.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஒரு படம், இரண்டே நிமிஷம். பந்தி முழுசாக வந்தது. நானூறு பேரும் சாப்பிடுகிறார்கள். மெமரி பத்தரை ஜிபி வரைக்கும் ஏறி நின்றது. எட்டை வாங்கியிருந்தால் என் கதி என்ன?

தனியாகவே கை தட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும். நேற்றுக் காலையில் ஓட விட்டது எண்ணூறாவது படத்தில் நின்றிருக்கிறது. ஒரு நாள் போனது. போகட்டும், மிச்சமிருக்கிற நாள் போதும். இந்த நேரத்தில் போர்வைகளைத் துவைத்துப் போட்டேன்.

எஞ்சினியர் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சார் பேச விரும்புகிறாராம், சம்பளம் கூட்டித் தருவாராம், வீட்டுக்காரரையும் திரும்பச் சேர்த்துக்கொள்வாராம், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து பார்க்கச் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமையே பார்க்கலாம் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முடிந்தது. மூன்று பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று அரிசி டப்பாவில்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆலை ஆபீசில் பெரிய டிவி. அர்த்தநாரி அய்யா, அவர் தம்பிகள் இரண்டு பேர், எஞ்சினியர், நாங்கள் இருவர். இவரை நான் வற்புறுத்தித்தான் கூட்டிப்போனேன். வர மாட்டேன் என்று இரண்டு தரம் சட்டையைக் கழற்றினார்.

முதலில் எஞ்சினியருடைய வீடியோ. வானத்திலிருந்து பறந்து வந்து, பளிங்குத் தரை, தொங்கு விளக்கு, மின்னுகிற தூண். குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஈ, காக்கை இல்லை. தம்பிகள் நல்லாருக்கு என்றார்கள்.

அடுத்து என்னுடையது. வாசலில் பன்னீர் தெளிக்க உள்ளே நுழைகிற கூட்டம், மேடை, அங்கிருந்து பந்தி. பந்தி வந்ததும் அய்யா கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. அதையே இன்னொருக்காப் போடுங்க."

போட்டேன்.

"ஏனம்மிணி, இலை பூரா ஆள் உக்காந்திருக்குது. அடுத்த பந்திக்காரன் ஒருத்தனாச்சும் நாற்காலிக்குப் பின்னாடி நிக்கோணுமே? ஒருத்தனையும் காணோம்?"

"அவங்க வெளிய கூடத்துல உக்காந்திருக்காங்கய்யா. இங்க பாருங்க. சாப்பிட்டவங்க அந்தப் பக்கமாக் கை கழுவப் போனப்பறந்தான் இந்தப் பக்கக் கதவைத் தொறப்பாங்க. சாப்பிடறவங்க முதுகுல யாரும் நிக்க முடியாது. அதுக்குத்தான் ரெண்டு வழி வெச்சிருக்கறேன்."

அய்யா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ற மூத்த புள்ள கல்யாணத்துல என்ற சம்பந்தி இலைக்குப் பின்னாடி இருவது நிமிஷம் நின்னாருங்க. இன்னி வரைக்கும் சொல்லிக் காட்டறாரு" என்றார். தம்பிகள் சத்தமாகச் சிரித்தார்கள். எஞ்சினியரும் சிரிக்க வேண்டியதாகப் போய்விட்டது.

டிசைன் என்னுடையதுதான். கட்டுகிற வேலை மட்டும் எஞ்சினியருக்கு, அது முன்னாடியே சொன்ன வாக்காம். நான் எழுந்து நின்று, "அய்யா, பேனர்ல வடிவமைப்பு கோகிலவாணின்னு போடோணும். அப்பத்தான் ஃபைல் தருவேன்" என்றேன். அய்யா, "அதுக்கென்ன, பெருசாவே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். ஒன்பது வருஷம் கிடைக்காதது, மோர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அப்போதுதான் எஞ்சினியர் தொண்டையைச் செருமினார். "நல்லாப் பண்ணியிருக்க கோகிலா. என்ற ஆபீஸ்ல கத்துக்கிட்டதாச்சே." அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இவர் பக்கம் திரும்பினார். "மோகனு, நாளைக்கே சைட்டுக்கு வந்துரு. இந்த மண்டபத்தையே நீ பாத்துக்க. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத."

எல்லோரும் இவரையே பார்த்தார்கள். நானும்தான். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: சரி என்று சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்றுதான் எனக்குள் அடித்துக்கொண்டது. வாடகை இருக்கிறது, கையில் ஒன்றும் மிச்சமில்லை, சத்தியமங்கலத்து வெயிலில் பெட்டி எண்ணி எண்ணி இவர் இளைத்துப்போயிருக்கிறார். பிடிவாதம் பிடிக்கிறவள் நான். இவர் இல்லை. எதற்கும் வளைந்துகொடுக்கிற மனுஷன்.

இவர் மோர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இல்லீங் சார். நான் வேற சைட்டு ஒத்துக்கிட்டனுங்க."

"எங்க?"

"ஒரு பக்கம்ங்க."

அர்த்தநாரி அய்யா இவரையே ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கிளம்பும்போது போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

பச்சைமலை ரோடு வரைக்கும் வண்டியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் தாங்கவில்லை.

"ஏனுங்க, எந்த சைட்டுங்க ஒத்துக்கிட்டீங்க? எனக்குச் சொல்லவே இல்ல?"

"இனிமேத்தான் தேடோணும்" என்றார்.

சிரிப்பு வந்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. இவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வண்டி ஆடுகிற அளவுக்குச் சிரித்தேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. "ஆடாம உக்காரு கோகிலா, ரெண்டு பேரும் விழுந்தரப் போறோம்" என்று கத்தினார். நான் ஆடிக்கொண்டேதான் வந்தேன்.